யாரைக் கேட்பது?

என் கதைகளைப் படித்துவிட்டு எழுதும் அன்பர்களில் சிலர், மனித மனத்தை நான் நன்றாக அறிந்தவன் என்று எழுதுவதுண்டு. அந்தக் கடிதங்களை மடித்து வைக்கும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும். அப்படி நினைத்துக்கொண்ட ஒருவர்தாம் சில ஆண்டுகளுக்கு முன் என்னை ஒரு மனநல ஆஸ்பத்திரிக்குப் பேச அழைத்தார். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அங்கே வைத்தியம் செய்துகொண்டவர்களையும், அவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களையும் ஒரு கூடத்தில் உட்காரவைத்து, 'இந்த இடம் எப்படி நடக்க வேண்டும், நீங்கள் சொல்லுங்கள்' என்று கேட்பதாக ஏற்பாடு. "நீங்கள் எழுத்தாளர். அதோடு உங்கள் தமக்கையைப் பார்த்துக்கொள்கிறவர். வீட்டார் சார்பில் நீங்கள் பேசினால் நன்றாக இருக்கும்" என்றார்.

அக்காவும் அந்த ஆஸ்பத்திரியில் இருந்தவள்தான். அவளையும் அழைத்துக்கொண்டு போனேன்.

இருபது நிமிஷம் பேசினேன். ஆளைச் சேர்க்க வருகிறவர்களை ஒரு தாளுக்கு ஒரு ஜன்னல் என்று மூன்று ஜன்னல்களுக்கு அலைக்கழிக்காதீர்கள் என்றேன். முரண்டு பிடிக்கிறவர்களை வீட்டிலிருந்து அழைத்துவர ஒரு வண்டி வேண்டும் என்றேன். சேர்த்தவர்களை இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளச் சொன்னேன். மாத்திரை விழுங்க மறுப்பவர்களுக்கு மாதம் ஒருமுறை ஊசி போடும் ஏற்பாட்டைப் பரவலாக்கச் சொன்னேன். கடைசியில், வீட்டார் ஆண்டுக்கு ஒரு வாரமாவது நிம்மதியாகத் தூங்குவதற்கு ஒரு வழி செய்யுங்கள் என்றேன். இதற்குத்தான் கைதட்டல் ஓயவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு முதியவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. பல வருஷங்களாகத் தூங்காத கண்கள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பிறகு தலைமை வகித்தவர், மரியாதைக்குச் சொல்கிற மாதிரி, "வைத்தியம் செய்துகொண்டவர்களும் ஏதாவது சொல்லலாம்" என்றார். கூடம் அமைதியாக இருந்தது. அக்கா எழுந்தாள்.

"வார்டுலே ஒரு கடிகாரம் மாட்டுங்க" என்றாள். "ராத்திரிச் சாப்பாடு அஞ்சரை மணிக்கே குடுத்துடறீங்க. அப்புறம் விடியற வரைக்கும் ஒண்ணும் கிடையாது. நீங்க குடுக்கிற மாத்திரை பசியைக் கிளப்பி விடுது. ராத்திரி பூரா பசி."

கடிகாரம் இல்லாத வார்டில் அஞ்சரை என்று எப்படித் தெரிந்தது என்று யாரோ சிரித்துக்கொண்டே கேட்டார்கள்.

"நர்ஸம்மா கையைப் பிடிச்சு ஊசி போடறப்போ பார்த்துக்குவேன்" என்றாள் அக்கா. "இன்னொண்ணு. டாக்டர் என்னைப் பத்திக் கேக்கறப்போ என் முகத்தைப் பார்த்துக் கேக்கணும்."

உட்கார்ந்துவிட்டாள். யாரும் கை தட்டவில்லை. ஒரு பெண் மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கடிகாரத்தைப் பற்றிக் கேட்டேன். அந்த வார்டுக்கு எத்தனையோ முறை போய் வந்தவன் நான். அங்கே கடிகாரம் இல்லை என்பதையே நான் பார்த்ததில்லை. என் கையில்தான் ஒன்று இருந்ததே! அக்கா சொன்னாள்: "மணி தெரியலேன்னா, முழிச்சது நடு ராத்திரியா விடியற்காலமான்னு தெரியாது. புத்தி கலங்கினவளுக்கு அதுவும் தெரியலேன்னா, எதைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிக்கிறது?"

கொஞ்ச நேரம் கழித்து, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "நீ நல்லாத்தான் பேசினே தம்பி. ஆனா பேசினதெல்லாம் என்னை எங்கே வைக்கிறதுன்னுதான்" என்றாள்.

அதன் பிறகு நான் இந்த விஷயத்தைப் பற்றி யோசிக்காத நாள் குறைவு. 'நோயாளிகளையும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களையும் கலந்து ஆலோசித்து' என்று இப்போது அறிக்கைகளில் எழுதுகிறார்கள். உப்பும் புளியும் என்பதுபோல இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். நல்ல எண்ணத்தோடு சொல்வதுதான். ஆனால் இவர்கள் இரண்டு பேர். ஒருவரைக் கேட்டுவிட்டு இரண்டு பேரையும் கேட்டதாகக் கணக்கு எழுதிவிடலாம். எங்கள் வீட்டில் பத்து ஆண்டுகள் அப்படித்தான் எழுதினோம்.

1999-ல் அக்காவுக்கு 23 வயது. எனக்கு 19, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அந்த ஆண்டோடு என் படிப்பு நின்றது. அக்காவின் நோயால்தான் நின்றது என்று வெகு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். கணக்கில் நான் வாங்கிய மார்க்குக்கும் அதில் பங்கு உண்டு.

அக்கா ஜாக்கெட் தைப்பாள். தெருவில் அவள் தைத்துக் கொடுக்காத வீடு இல்லை. முதலில் தூக்கம் போயிற்று. பிறகு, எதிர்வீட்டார் பேசுவதெல்லாம் தன்னைப் பற்றித்தான் என்றாள். பிறகு, எதிர்வீடு பூட்டிக் கிடக்கும்போதும் பேச்சுக் கேட்கிறது என்றாள். அம்மா அவளைக் குணசீலத்துக்கு அழைத்துப் போய், கோயிலை ஒட்டித் தங்கி, ஒரு மண்டலம், 48 நாள், கூடவே இருந்தாள். திரும்பியபோது தேவலை போலிருந்தது. இரண்டு மாதத்தில் பழையபடி ஆயிற்று. அதன் பிறகுதான் டாக்டர்.

டாக்டர் கொடுத்த மாத்திரையை அக்கா தொட மறுத்தாள். "எனக்கு நோயே இல்லையே, மருந்து எதுக்கு?" என்று கேட்டாள். அவள் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் நியாயமான கேள்வி. டாக்டர் வேறு வழி சொன்னார். நிறமில்லாத சொட்டு மருந்து ஒன்று இருக்கிறது; காப்பியிலோ ரசத்திலோ விட்டால் தெரியாது. அன்று முதல் அம்மா சமையற்கட்டில் திரும்பி நின்று சொட்டு எண்ணத் தொடங்கினாள். அம்மாவுக்கு முடியாத நாட்களில் நான் எண்ணினேன்.

மருந்து வேலை செய்தது. இதை மறைத்துவிட்டு நான் தர்மம் பேசக் கூடாது. ஒரு மாதத்தில் பேச்சுக்குரல்கள் அடங்கின. அக்கா தூங்கினாள். நாங்களும் தூங்கினோம். அந்த முதல் ராத்திரியை நினைத்தால் இன்றும் அந்தப் புட்டியைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

ஆனால் அவளுடைய கை நடுங்க ஆரம்பித்தது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. தையல் மெஷினுக்கு உறை போட்டு மூலையில் தள்ளினாள். நரம்புத் தளர்ச்சி என்று தானே முடிவு செய்துகொண்டு டானிக் வாங்கிச் சாப்பிட்டாள். அந்த மருந்துக்கு அப்படி ஒரு குணம் உண்டு. அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், நடுக்கத்துக்கு வேறு மாத்திரை கொடுக்கலாம். இதெல்லாம் டாக்டர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். ஆனால் 'இந்த மருந்து என் கையை இப்படிச் செய்கிறது' என்று யார் போய்ச் சொல்வது? சொல்ல வேண்டியவளுக்கோ தான் மருந்து சாப்பிடுவதே தெரியாது. எங்களுக்குக் கை நடுக்கம் ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை. ஆள் அமைதியாக இருந்தாளே, அது போதாதா?

பிறகு அவள் சந்தேகப்பட்டாள். "சாப்பாட்டுலே என்னவோ கலக்கறீங்க" என்றாள். தோல் உரிக்காத வாழைப்பழம், தானே உடைத்த அவித்த முட்டை, கண்ணெதிரே வெட்டிய இளநீர் என்று தின்னத் தொடங்கினாள். முதல் டாக்டர் அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார். புதிய டாக்டரிடம் நான்தான் போய்ச் சொன்னேன்: "சாப்பாட்டில் ஏதோ கலக்கிறோம் என்று சந்தேகப்படுகிறாள், டாக்டர். நோய் முற்றுகிறது போலிருக்கிறது." மருந்தை எப்படிக் கொடுக்கிறோம் என்பதை நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. சீட்டில் அளவைக் கூட்டி எழுதினார்.

அக்கா சொன்னவற்றில் எத்தனையோ நடக்காதவை. இந்த ஒன்று நடந்தது. நடந்த அந்த ஒன்றைத்தான் அவளுடைய பைத்தியத்துக்கு அத்தாட்சியாகக் கொண்டுபோய் வைத்தேன். வைத்தபோது எனக்குக் குரல்கூடத் தடுமாறவில்லை.

2008-ல் எனக்குக் கலியாணம் ஆயிற்று. மறு ஆண்டு அம்மா போய்விட்டாள். படுக்கையில் கிடந்தபோது மருமகளைக் கூப்பிட்டு, எத்தனை சொட்டு, எதில் விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். என் மனைவி தலையாட்டினாள், ஆனால் செய்யவில்லை. "என்னாலே முடியாதுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டாள். ஒரு வாரம் நான் செய்தேன். எட்டாம் நாள் அவள் புட்டியை எடுத்துக்கொண்டு போய் அக்காவின் முன்னால் வைத்தாள்.

"அண்ணி, இதுதான் உங்க காப்பியிலே விடறது. நான் விட்டதில்லே. எனக்கு மனசு வரலே."

அக்கா சத்தம் போடவில்லை. புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எத்தனை வருஷமா?" என்று என்னைக் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலை அவளைக் காணோம்.

நான்கு நாள் தேடினோம். திருச்சி பஸ் நிலையத்தில், செருப்பில்லாமல், கையில் காசில்லாமல் உட்கார்ந்திருந்தவளை அழைத்து வந்தேன். அந்த நான்கு நாளில் அவளுக்கு என்ன நேர்ந்திருக்கலாம் என்று எண்ணிப் பார்க்க எனக்கு இன்றும் தைரியம் இல்லை. அந்த நான்கு நாளில் என் மனைவியிடம் நான் பேசிய பேச்சையும் இங்கே எழுதப் போவதில்லை. பிறகு ஆஸ்பத்திரி, 40 நாள். அங்கேதான் முதல்முறையாக ஒரு டாக்டர் அக்காவிடம் மருந்தின் பெயரைச் சொல்லி, அது என்ன செய்யும், என்ன தொந்தரவு தரும் என்று விளக்கினார். அவள் வேறு மாத்திரையைத் தேர்ந்துகொண்டாள். இப்போது தானே எடுத்து விழுங்குகிறாள். நடுவில் இரண்டு முறை நிறுத்தினாள். 2016-ல் மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆயிற்று. கை நடுக்கம் முக்கால்வாசி போய்விட்டது. ஜாக்கெட் தைக்கும் அளவுக்கு இல்லை. புடவைக்கு ஓரம் அடித்துக் கொடுக்கிறாள்.

என் மனைவி செய்தது சரியா? நண்பர்களிடம் கேட்டால் பாதிப்பேர் சரி என்கிறார்கள், பாதிப்பேர் அசட்டுத் துணிச்சல் என்கிறார்கள். நான் என் பங்கை மட்டும் எடைபோட்டுப் பார்க்கிறேன். முதல் மாதம் நாங்கள் செய்ததை மன்னிக்கலாம் என்றே நினைக்கிறேன். வீடு பற்றி எரியும்போது தண்ணீர் எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று கேட்க முடியாது. ஆனால் அதன் பிறகு எத்தனை தெளிவான மாலைகள்! திண்ணையில் உட்கார்ந்து அம்மாவோடு பூக்கட்டிக்கொண்டு, பழைய சினிமாக் கதையை எனக்குச் சொல்லிச் சிரித்த அக்காவிடம், "அக்கா, உனக்கு இந்த மருந்து கொடுக்கிறோம், இதனால்தான் குரல் அடங்கியிருக்கிறது" என்று ஒரே ஒரு மாலை சொல்லியிருக்கலாம். சொன்னால் நிறுத்திவிடுவாளோ என்று பயந்தோம். பயத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் எங்கள் பயத்தை அவளுடைய அறியாமை என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்டோம்.

புத்தி பேதலித்தவரைக் கேட்டு என்ன பயன் என்று வாதிப்பவர்கள் உண்டு. புத்தி முழுவதும் ஒரே மூட்டையாகக் கெட்டுப்போவதில்லை என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் அறிவார்கள். எதிர்வீட்டுச் சுவர் தன்னோடு பேசுகிறது என்று நம்புகிறவளுக்குச் சோறு ஆறிப்போயிருக்கிறது என்பதும் தெரியும்; கொடுத்த சில்லறையில் இரண்டு ரூபாய் குறைகிறது என்பதும் தெரியும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்கிறோமே, அதை இந்த நோய்க்கு மட்டும் ஏன் சொல்வதில்லை?

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள வழக்கமும் அல்ல. இங்கிலாந்தில் ஸ்பென்சர் பெர்சிவல் என்று ஒரு பிரதம மந்திரி இருந்தார். 1812-ல் பார்லிமெண்டு மண்டபத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டவர். அவருடைய பிள்ளைகளில் ஜான் என்பவருக்குப் புத்தி பேதலித்து, 1831-ல் தனியார் மனநோய் விடுதி ஒன்றில் சேர்க்கப்பட்டார். கொண்டுபோய் விட்டவர் அவருடைய அண்ணன். பணத்துக்குக் குறைவில்லாத குடும்பம். விடுதியும் பேர்பெற்ற விடுதி. எண்ணமும் நல்ல எண்ணம். ஜான் பெர்சிவல் குணமாகி வெளியே வந்து, 1838-லும் 1840-லும் தம் அனுபவத்தை இரண்டு புத்தகங்களாக எழுதினார். தமக்குப் புத்தி பேதலித்திருந்ததை அவர் மறுக்கவில்லை. தம்மை ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாவற்றையும் செய்தார்களே என்பதுதான் அவருடைய வழக்கு. அதில் டாக்டர்கள் மீது இருந்த கோபத்துக்குக் குறைவில்லாமல் தாயார் மீதும் அண்ணன் மீதும் இருந்தது. 1845-ல், தம்மைப்போல் அடைபட்டிருந்தவர்களுக்காக வாதாட ஒரு சங்கமே நிறுவினார். அந்த அண்ணனைப் பற்றி நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். தம்பிக்கு நல்லது செய்ததாகத்தான் அவரும் எண்ணியிருப்பார்.

ஆனால் இந்தக் கதையை ஒரு பக்கமாகவே சொல்லிக்கொண்டு போனால் அந்த முதியவரின் கை என்னை விடாது.

வீட்டாரை அண்டவிடாமல் பூட்டி வைப்பதே உலகெங்கும் வைத்தியமாக இருந்த காலத்தில் நம் நாட்டில் வேறொரு காரியம் நடந்தது. 1950-களில் அமிர்தசரஸ் மனநல ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யாசாகர் என்பவர், இட நெருக்கடியின் நடுவே, ஆஸ்பத்திரி மைதானத்தில் கூடாரம் அடித்து நோயாளிகளோடு வீட்டாரையும் தங்கவைத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957-ல் மனநல மையம் தொடங்கியபோதும், நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று வைத்தது. நோய் என்னவென்று வீட்டார் கண்ணால் பார்த்தார்கள். பேயும் இல்லை, பில்லி சூனியமும் இல்லை என்று தெரிந்துகொண்டு போனார்கள். டாக்டர்களும், ஒரு மனிதன் வீட்டில் எப்படி இருப்பவன் என்று தெரிந்துகொண்டார்கள். பெரிய காரியம்தான். அம்மா குணசீலத்தில் 48 நாள் செய்ததும் ஒரு வகையில் அதுதான். அங்கே மருந்து இல்லை. ஆனால் துணை இருந்தது.

வீட்டாரைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கதை இருக்கிறது. இத்தாலியில் கொரீட்சியா என்ற எல்லைப்புற ஊரின் மனநோய் ஆஸ்பத்திரிக்கு 1961-ல் பிராங்கோ பசாலியா என்ற டாக்டர் தலைவராக வந்தார். கட்டிப்போடுவதை நிறுத்தினார். கதவுகளைத் திறந்தார். நோயாளிகளும் நர்ஸுகளும் டாக்டர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் கூட்டங்களை நடத்தினார். யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். பிற்காலத்தில், 1978-ல், இத்தாலி பழைய பாணி மனநோய் விடுதிகளையே ஒழிக்கச் சட்டம் செய்ததற்கு வித்து அங்கேதான் விழுந்தது. இதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஆனால் 1968-ல் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நாள் விடுப்பில் வீட்டுக்குப் போன நோயாளி ஒருவர் தம் மனைவியைக் கொன்றுவிட்டார். பசாலியாவின் மீது வழக்கு நடந்து, குற்றமில்லை என்று தீர்ப்பாயிற்று. சட்டத்துக்கு அது சரி. அந்தக் கூடத்தில் எல்லாரும் பேசினார்கள். அந்த மனைவிக்கு அங்கே நாற்காலி இருந்ததா என்றுதான் என் மனம் கேட்டுக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்டவை மிக அபூர்வம். ஆனாலும் ராத்திரியில் வாசற்படியில் படுத்துக் காவல் இருந்தவனுக்கு அபூர்வம் என்ற சொல் அவ்வளவு ஆறுதல் தருவதில்லை.

வீட்டாரை மட்டுமே கேட்டுக் கட்டிய இடம் ஒன்றும் எனக்குத் தெரியும். 2001 ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலை, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கீற்றுக் கொட்டகை ஒன்று தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களில் பலர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். அவர்களைக் கடத்திக்கொண்டு வந்தவர்கள் யாரும் இல்லை. தாயும் தகப்பனும் அண்ணன் தம்பியும் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். நான் மேடையில் கேட்டவை அனைத்தும் அங்கே கிடைத்தன. சேர்ப்பதற்குத் தாளும் ஜன்னலும் இல்லை. எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்வார்கள். வீட்டார் ஊருக்குத் திரும்பித் தூங்கலாம்.

அந்தக் குடும்பங்களைக் குறைசொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. அந்த ஜூலை மாதம் எங்கள் சித்தப்பா, அக்காவை ஏர்வாடிக்குக் கொண்டுபோய் விடலாம் என்று சொன்னார். அம்மா பையில் துணியை எடுத்து வைத்துவிட்டாள். அவளுக்குக் காய்ச்சல் வந்தது; பயணம் தள்ளிப்போயிற்று; அப்புறம் பணம் தோதுப்படவில்லை. பேப்பரில் செய்தி வந்த அன்று அம்மா அந்தப் பையை அவிழ்த்துத் துணிகளை ஒவ்வொன்றாகக் கொடியில் போட்டாள். நாங்கள் போகாததற்குக் காரணம் எங்கள் நல்ல புத்தி என்று நான் எங்கேயும் சொல்லிக்கொண்டதில்லை.

ஏர்வாடிக்குப் பிறகு எத்தனையோ பேச்சும் வழக்கும் நடந்தன. 2017-ல் பார்லிமெண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 2018 மே 29-ந் தேதி அது அமலுக்கு வந்தது. நான் சட்டம் படித்தவன் அல்ல. ஆனாலும் நாவல் படிக்கிற சிரத்தையோடு அதைப் படித்தேன். சங்கிலி போடக் கூடாது என்கிறது. மயக்க மருந்தில்லாமல் மின்சார அதிர்ச்சி கொடுக்கக் கூடாது என்கிறது. நல்ல நிலையில் இருக்கும்போதே ஒருவர், 'நாளைக்கு எனக்குப் புத்தி கலங்கினால் இப்படி வைத்தியம் செய்யுங்கள், இப்படிச் செய்யாதீர்கள்' என்று எழுதிவைக்கலாம் என்கிறது. அவசர சிகிச்சைக்கு மட்டும் அது பொருந்தாது. தனக்காகப் பேச ஒரு பிரதிநிதியையும் அவரே எழுதிக் கொடுக்கலாம். நான் தவறவிட்ட அந்தத் தெளிவான மாலைகளைச் சட்டம் ஒரு தாளில் பிடித்து வைக்கப் பார்க்கிறது.

இந்தச் சேவைகளை எப்படி நடத்துவது என்று முடிவு செய்யும் சபைகளிலும் இடம் வைத்திருக்கிறார்கள். மத்தியிலும் மாநிலத்திலும் உள்ள மனநல ஆணையங்களில், மனநோய் உள்ளவர்கள் அல்லது அதிலிருந்து மீண்டவர்கள் சார்பில் இரண்டு பேர். பார்த்துக்கொள்கிறவர்கள் சார்பில் இரண்டு பேர். இரண்டும் தனித்தனி. படித்தபோது 'சபாஷ்' என்றேன். ஆனால் தனி மனிதர்களின் முறையீட்டைக் கேட்கும் மறுஆய்வு வாரியத்துக்கு வரும்போது கதை மாறுகிறது. ஆறு பேர் கொண்ட அந்த வாரியத்தில் இரண்டு இடம், மனநோய் உள்ளவர்களுக்கு, அல்லது பார்த்துக்கொள்கிறவர்களுக்கு, அல்லது அவர்களுடைய சங்கங்களுக்கு, அல்லது தொண்டு நிறுவனங்களுக்கு என்று இருக்கிறது. சின்னச் சொல், 'அல்லது'. அதற்குள் என் அக்கா உட்கார வேண்டிய நாற்காலியில் நான் போய் உட்கார்ந்துகொள்ளலாம். ஒரு ஆஸ்பத்திரியில் தன்னை வைத்திருப்பது நியாயமா என்று முறையிட வருகிறவள், எதிரே தன்னைக் கொண்டுவந்து விட்ட தம்பியைப் போன்ற இன்னொரு தம்பியைப் பார்ப்பாள். அந்தத் தம்பி நல்லவனாகவும் இருப்பான். நன்றாகப் பேசவும் செய்வான்.

இதற்காக வீட்டாரின் நாற்காலியைப் பிடுங்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். எங்களுக்கென்று ஒரு நாற்காலி வேண்டும். அதில் உட்கார்ந்து எங்கள் தூக்கத்தைப் பற்றியும், கடனைப் பற்றியும், பயத்தைப் பற்றியும் வெட்கமில்லாமல் பேச வேண்டும். கேட்பதற்கு எங்களுக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் நான் அந்த மேடையில் எனக்காகக் கேட்டதையெல்லாம் அக்காவுக்காகக் கேட்பதாகச் சொல்லித்தான் கேட்டேன். கை தட்டினவர்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். ஊசி வேண்டும் என்றேனே, ஊசி போட்டுக்கொள்கிறவள் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். வருகிற வழியில் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் என் பக்கத்தில் இருந்தாள். ஊசியைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. பிறகு கேட்டேன். "மாசம் ஒரு தடவை தொல்லை விட்டதுன்னா நல்லதுதான். ஆனா கை நடுங்கினா ஒரு மாசத்துக்கு வாபஸ் வாங்க முடியாதே" என்றாள். டாக்டரிடம் சொன்னபோது, சரியான கேள்வி என்றார்.

அந்த வார்டில் இப்போது கடிகாரம் மாட்டியிருக்கிறார்கள். ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்குப் போயிருக்கிறது என்று கேள்வி. சமையற்காரர்களுக்கு வருத்தமாம்.

சட்டத்தைப் பற்றி நான் சொன்ன மறுவாரம், அக்கா பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். அதை முறைப்படி ஆக்குவதற்கு வேறு படிவமும் பதிவும் இருக்கின்றன, அது பிறகு. முதல் வரி, தனக்குக் கொடுக்கும் மருந்தின் பெயரைத் தன்னிடம் சொல்ல வேண்டும். இரண்டாவது, எந்த மருந்தையும் சாப்பாட்டில் கலக்கக் கூடாது. சாப்பிட மறுத்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம், அதற்குச் சம்மதம். மூன்றாவது, கண்ணாடியையும் சீப்பையும் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. நான்காவது, பிரதிநிதி. அங்கே என் பெயர் இருக்கும் என்றுதான் நினைத்தேன். என் மனைவியின் பெயரை எழுதியிருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளே, நோட்டை மூடாமல், "உன்னை எழுதினா நீ கஷ்டப்படுவே தம்பி. உனக்கு என்னைப் பார்த்துக்கவும் வேணும், என்னைக் காப்பாத்தவும் வேணும். அவளுக்கு அப்படி இல்லே" என்றாள்.

ஐந்தாவது வரியில்தான் தகராறு. 'டாக்டர் என்னைக் கேட்ட பிறகு தம்பியைக் கேட்கலாம். தம்பி பேசும்போது நானும் அந்த அறையில் இருக்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறாள். அவள் எதிரில் சொல்ல முடியாத சங்கதிகள் எனக்கு உண்டு. அவள் ராத்திரியில் என்ன செய்தாள், எதற்காகப் பயந்தோம் என்று முகத்துக்கு எதிரே எப்படிச் சொல்வது? "சொல்லிப் பழகு" என்கிறாள். மூன்று மாதமாக வாதாடிக்கொண்டிருக்கிறோம். அந்த வரியை அவள் அடிக்கவில்லை; நானும் கீழே சாட்சிக் கையெழுத்துப் போடவில்லை. நோட்டு பீரோவில் ரேஷன் கார்டோடு இருக்கிறது. நேற்று ராத்திரிகூட, சாப்பாட்டுக்குப் பிறகு, அவள் அதை எடுத்துவந்து என் பக்கத்தில் பேனாவோடு வைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.